குடித்துவிட்டு வரச் சொன்ன குரல்

மடித்து வைத்த சட்டைகளுக்கு நடுவே, கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது அந்த பாட்டில்.

ரமோனாவுக்கு அதை வெளியே எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. மேலோடு தடவிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருபது வருஷமாகத் தம்பியின் பைகளைச் சோதித்தே பழகிய கை அது. விமானத்தில் போட்டுக்கொள்ள இன்னொரு ஸ்வெட்டர் வைக்கலாமே என்றுதான் பையைத் திறந்தாள். நல்லது நினைத்துத் திறந்த பையில் இப்படி ஒரு பரிசு.

"டோபி!"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "காபி போடுறேங்க்கா. உனக்கும் வேணுமா?"

எவ்வளவு அக்கறையான குரல்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரத்துக்கு முந்தின வாரம், குளியலறையில் டோபி விழுந்து கிடந்ததையும், இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதையும் அவள் மறக்கவில்லை. அன்றைக்கு நிறுத்தியவன் அதற்கப்புறம் தொடவில்லை. அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கை நடுக்கத்தோடு சோஃபாவில் சுருண்டு கிடந்தவனுக்கு சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒஹாயோ மாநிலத்தில் எந்தக் குடி மறுவாழ்வு மருத்துவமனையில் இடம் கிடைக்கும் என்று போனும் கையுமாகவே அலைந்தாள்.

கொலம்பஸில் ஓர் இடத்தில் கேட்ட தொகைக்குப் புது வண்டியே வாங்கிவிடலாம். இன்னோர் இடத்தில் வசந்த காலத்தில் கூப்பிடுங்கள் என்றார்கள். வசந்தம் வரை இவன் இருக்க வேண்டாமா?

அப்போதுதான் அவள் கணவன் ஹார்லன் ஒரு நம்பரைக் கொண்டுவந்தான். அவன் வேலை செய்கிற கல்குவாரியில் யாரோ கொடுத்ததாம். ஃப்ளோரிடாவில் கடலைப் பார்த்த அறை, விமான டிக்கெட் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள், விமான நிலையம் போக வீட்டு வாசலுக்கு வேன் வரும், நம் கையிலிருந்து ஒரு சென்ட் கூடப் போகாது. சும்மா யார் இவ்வளவு தருவார்கள் என்று ரமோனாவுக்கு முதல் நாளே உறுத்தியது. ஆனால் வேறு வழி தெரியாதபோது உறுத்தலை ஓரமாக வைக்கத்தானே வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு அந்த வேன் எட்டு மணிக்கு வருகிறது. இப்போது விடிந்தும் விடியாத நேரம்.

டோபி இரண்டு கோப்பைகளோடு வந்து நின்றான். முப்பத்து நாலு வயதுக்கு அவன் முகம் ரொம்ப வயதாகித் தெரிந்தது. அக்காவின் கையில் காலுறையைப் பார்த்ததும் கோப்பைகளை மெல்லக் கீழே வைத்தான்.

"அதை நான் குடிக்கலக்கா."

"மூடியோட சீல் உடைஞ்சிருக்குடா."

"திறந்தேன். மோந்து பார்த்தேன். மூடிட்டேன். அளவு குறைஞ்சிருக்கா பாரு."

"குறையலன்னா? தண்ணி ஊத்தி நிரப்பியிருப்ப. நீ செய்யாததா? அம்மா இருக்கிறப்போ வினிகர் பாட்டில்ல சாராயத்தை ஊத்தி வெச்சவன்தானே நீ! அன்னிக்கு சாலட் சாப்பிட்டு பாதிரியாரே ஆடிட்டுப் போனாரு."

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

"வாங்கி வரச் சொன்னாங்கக்கா."

"யாரு?"

"பிரென்ட். அந்த ஃப்ளோரிடா ஆளு. வண்டியில ஏறினதும் குடிச்சிடுங்க, இறங்குறப்போ உள்ள இருக்கணும்னு சொன்னாரு. இல்லன்னா சேர்க்க மாட்டாங்களாம்."

ரமோனா அவனையே பார்த்தாள். அவன் இதுவரை சொன்ன பொய்களில் இதுதான் உச்சம் என்று தோன்றியது. பல் வலிக்காகக் குடித்தேன் என்றிருக்கிறான். செத்துப்போன நாய்க்காக என்றிருக்கிறான். குடியை நிறுத்துகிற ஆஸ்பத்திரியே குடித்துவிட்டு வரச் சொன்னது என்று இதுவரை சொன்னதில்லை.

"டேய், என் நெத்தியில ஏதாவது எழுதியிருக்கா? பள்ளிக்கூட சமையலறையில ஐந்நூறு பிள்ளைங்களுக்குச் சோறு போடுறவ நான். காதுல பூ சுத்துறவனை எல்லாம் தினமும் பார்க்கிறேன்."

"நம்பாட்டி போ." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கொஞ்சம் அசைத்தது. "நீயே அவர்கிட்ட கேளு. ஸ்பீக்கர்ல போடு. நான் வாயைத் திறக்கல."

முதல் மணி முடிவதற்குள் எடுத்தான் பிரென்ட். இந்த நேரத்தில் இத்தனை மலர்ச்சியாக ஒருவன் போன் எடுக்கிறான் என்றால் அவனுக்குத் தூக்கமே கிடையாதா என்ன?

"குட் மார்னிங் மேடம்! டோபி ரெடியா? நாங்க எல்லாரும் அவருக்காகக் காத்துட்டிருக்கோம்."

தேன் ஒழுகியது. ரமோனா தன் குரலை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். அது அவளுக்குக் கை வந்த கலை. பள்ளி முதல்வரிடம் விடுப்பு கேட்கும்போது அப்படித்தான் பேசுவாள்.

"ரெடிதாங்க. ஒரு சந்தோஷ சமாச்சாரம் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியிலருந்து வந்ததுலருந்து தம்பி ஒரு சொட்டுத் தொடல. நல்லா தேறிட்டான்."

மறுமுனையில் தேன் நின்றுபோனது. வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ஏன் இந்தத் தயக்கம்?

"அப்படியா... ரொம்ப நல்லது மேடம். ஆனா அதுல ஒரு சின்னச் சிக்கல். இங்க வந்ததும் ஒரு சோதனை எடுப்போம். அதுல ஒண்ணுமே தெரியலன்னா, இவருக்கு எதுக்குப் படுக்கைன்னு இன்சூரன்ஸ்ல கேப்பாங்க."

"அப்போ என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நான் எதுவும் சொல்லல மேடம். பயணத்துல அவர் கொஞ்சம்... ரிலாக்ஸா வந்தா எல்லாருக்கும் சுலபம். டோபிக்குத் தெரியும்."

ரமோனா தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் மேடம், இறங்கினதும் முகவரியை ஃப்ளோரிடாவுக்கு மாத்தி ஒரு கையெழுத்து வாங்கிப்போம். அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம், நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க, அவருக்குச் சொன்னபடி நாங்க செஞ்சிடுவோம்னு."

"அவருக்கா? என்ன செய்வீங்க?"

"அது... அவரே சொல்வாரு. வேன் கிளம்பிடுச்சு மேடம். ஹேவ் எ பிளஸ்ட் டே!"

போன் வைக்கப்பட்டது.

வாழ்நாளில் முதல் தடவையாக டோபி உண்மையைச் சொன்னான், அன்றைக்குப் பார்த்து அவள் நம்பவில்லை. இந்த நினைப்போடு ரமோனா சமையலறைக்குப் போனாள். பாட்டிலைத் திறந்து தொட்டியில் கவிழ்த்தாள். போர்பன் விஸ்கியின் வாசனை மூக்கில் ஏறியது. டோபி ஜன்னல் பக்கம் போய் நின்று மூச்சை அடக்கிக்கொண்டான்.

"மன்னிச்சிடுடா."

"பரவால்லக்கா. நானா இருந்தாலும் என்னை நம்ப மாட்டேன்."

ஹார்லனுக்கு என்ன செய்வார்கள்? அந்தக் கேள்வி முள்ளாக உள்ளே நின்றது. ஹார்லன் இருட்டோடு கிளம்பிப் போயிருந்தான். குவாரியில் வேலை எட்டு மணிக்குத்தான். ஆனால் கோடை தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறான். பெட்ரோல் பங்க்கில் நண்பர்களோடு காபியாம். வீட்டில் கிடைக்காத காபியா? இடுப்பு வலியோடு வருஷக்கணக்கில் கிடந்த மனுஷன், நடமாடினால் போதும் என்று அதையும் அவள் கேட்காமல் விட்டிருந்தாள்.

டோபியின் பர்ஸிலிருந்து மாநில அரசின் இலவச மருத்துவ அட்டையைப் பிடுங்கினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஓர் உதவி நம்பர் இருந்தது. இத்தனை நாள் கண்ணில் படாத நம்பர். இணையத்தில் மேலே மேலே வந்ததையெல்லாம் கூப்பிட்டவள் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்த அம்மாளின் குரலில் தேனும் இல்லை, சர்க்கரையும் இல்லை. தூக்கக் கலக்கத்தோடு கரகரத்தது. அதுவே ரமோனாவுக்கு ஆறுதலாக இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். "குடிச்சிட்டு வாங்கன்னு சொன்னாங்களா? அப்போ அந்த வேன்ல ஏத்தாதீங்க கண்ணு. இது ஒஹாயோ அட்டை. இங்கதான் செல்லும். அங்க போய் முகவரியை மாத்திட்டாங்கன்னா இந்த அட்டை செத்துடும். அங்க அவர் பேர்ல புது இன்சூரன்ஸ் எடுத்து, அதுல காசு வர்ற வரைக்கும் வெச்சிருந்துட்டு ஒருநாள் தெருவுல விடுவாங்க. திரும்பி வந்தா கையில ஒண்ணும் இருக்காது."

"அப்போ நாங்க எங்கதான் போறது? எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன்."

"நீங்க எந்த ஊரு? பெல்ஃபோர்டா? உங்க ஊர்லயே ஆத்தங்கரைத் தெருவுல குடி, மாத்திரைப் பழக்கத்தை விடவைக்கிற ஆஸ்பத்திரி இருக்கே. இந்த அட்டையை எடுத்துக்குவாங்க, நீங்க எதுவும் கட்ட வேண்டாம். காலைல நேர்ல போனாலே பார்ப்பாங்க. தங்கவெச்சுப் பார்க்க வேண்டியிருந்தா அவங்களே நம்ம மாநிலத்துக்குள்ள இடம் பிடிச்சுக் குடுப்பாங்க. அங்க கேட்டீங்களா?"

ரமோனா அங்கே கேட்கவில்லை. அங்கே கேட்கக் கூடாது என்றுதானே ஆயிரம் மைல் தள்ளிக் கடற்கரை வரைக்கும் போனாள்!

பெல்ஃபோர்டில் ஆளை முகம் பார்த்து அடையாளம் காண வேண்டியதில்லை. வண்டியைப் பார்த்தால் போதும். எதிரே வருகிற வண்டி தெரிந்ததுதான் என்றால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். அதுதான் வணக்கம், அதுதான் நலமா, அதுதான் உன்னைப் பார்த்துவிட்டேன். விரல் தூக்காமல் போனால் இரவு போன் பண்ணி என்ன கோபம் என்று கேட்பார்கள். யார் வண்டி யார் வீட்டு வாசலில் எத்தனை நேரம் நின்றது என்பதெல்லாம் மதியத்துக்குள் பள்ளிக்கூட சமையலறைக்கு வந்துவிடும். ஆற்றங்கரைத் தெரு மருத்துவமனையில் காலையில் நிற்கிற வண்டிகள் அங்கே அலசப்படுவது போல வேறெதுவும் அலசப்படுவதில்லை. ரமோனாவும் அலசியவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, சோள ரொட்டியும் பீன்ஸும் பரிமாறிக்கொண்டே அவள் சொன்னது இது: "வெட்கம் மானம் இல்லாதவங்க நிக்கிற வரிசை அது. நம்ம வீட்டு ஆள் அங்க நிக்க மாட்டான்." டோபி அவசரமாக, "ஆமாக்கா, அங்க மட்டும் வேண்டாம்" என்றான். ஹார்லன் தலை நிமிராமல் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அடுத்த நாள்தான் அந்த ஃப்ளோரிடா நம்பர் வந்தது.

போனை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

"கோட்டைப் போடு. ஆத்தங்கரைத் தெருவுக்குப் போறோம்."

டோபியின் முகம் மாறியது. "இப்பவா?"

"வேன் வர்றதுக்குள்ள."

"வேண்டாங்க்கா. ஒன்பது மணிக்கு மேல போலாம். இப்போ கூட்டமா இருக்கும்."

"ஒன்பது மணிக்கு உன்னை எங்க தேடுறது? பாலத்துக்கு அந்தப் பக்கம் மதுக்கடையிலயா?"

"சத்தியமா வருவேங்க்கா. எட்டரைக்காவது..."

"ஏறுடா கார்ல."

இவன் நழுவத்தான் பார்க்கிறான் என்று அவளுக்குப் பட்டது. ஒருமுறை உண்மை சொல்லிவிட்டால் போதுமா? வழி நெடுக டோபி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தான். நெடுஞ்சாலை முனையில் ஒரு வெள்ளை வேன் அவர்கள் தெருப்பக்கம் திரும்பியதை ரமோனா கண்ணாடியில் பார்த்தாள். காரை இன்னும் வேகமாக ஓட்டினாள்.

ஆற்றிலிருந்து எழுந்த பனி தெருவை மூடியிருந்தது. தன் காரை யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று தெருவின் முனையில் அவளுக்கு ஒரு நொடி கால் தயங்கியது. அப்படித் தயங்கியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு பின்பக்க நிறுத்துமிடத்துக்குள் திரும்பினாள்.

உள்ளே நிறைய வண்டிகள். முதலில் கண்ணில் பட்டது தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற அம்மாவின் கார். அடுத்தது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரின் ஜீப். அவரே உள்ளே உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் ரமோனாவின் விரல் ஸ்டீயரிங்கிலிருந்து எழுந்தது.

டோபி அவள் கையைப் பிடித்து இறக்கினான். "இங்க யாரும் விரல் தூக்க மாட்டாங்கக்கா. இங்க யாரும் யாரையும் பார்க்கல. அதான் வழக்கம்."

"உனக்கெப்படித் தெரியும்? நீதான் இங்க வந்ததே இல்லையே?"

அவன் கண்கள் எங்கோ போய்விட்டுச் சட்டென்று திரும்பின. ரமோனா அந்தப் பக்கம் பார்த்தாள்.

சுவரோரம், பனிக்குள், ஒரு பச்சை பிக்கப் வண்டி. பின்கதவு மட்டும் வெள்ளை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கதவு நசுங்கியபோது, பழைய சாமான் கிடங்கில் கிடைத்ததை வாங்கி, தானே மாட்டினான் ஹார்லன். இந்த மாவட்டத்தில் அப்படி இன்னொரு வண்டி கிடையாது.

அவள் என்ஜினை அணைத்தாள்.

"அவரு இடுப்பு வலிக்கு எடுத்த மாத்திரை" என்றான் டோபி, ரொம்பத் தாழ்ந்த குரலில். "அதை அவரால விட முடியலக்கா. விடத்தான் இங்க வர்றாரு. தினமும் காலைல அதுக்கு இங்க குடுக்கிற மருந்தைக் குடிச்சிட்டு வேலைக்குப் போவாரு. கோடையிலருந்து."

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஒருநாள் காலைல பாலத்துக்கு நடந்து போறப்போ பார்த்தேன். நான் கடைக்குப் போயிட்டிருந்தேன், மாமா வண்டியில இங்கருந்து வெளிய வந்துட்டிருந்தாரு. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டோம். ரெண்டு பேருமே விரல் தூக்கல." அவன் முழங்காலை மறுபடி தேய்த்தான். "நான் இங்க சேர்ந்தா தினமும் நீதான் கூட்டிட்டு வருவ, மாமா வண்டி உன் கண்ணுல படும். அதான் வேண்டாம்னேன்."

வெட்கம் மானம் இல்லாதவங்க நிக்கிற வரிசை. தன் குரல் தன் காதிலேயே கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு பீன்ஸ் தின்றவன் ஹார்லன். தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவன்.

அவள் மனம் ஒரு பக்கம் அவனுக்காக அழுதது. இன்னொரு பக்கம், விடாமல் கணக்குப் போட்டது. டோபியை இங்கே வரவிடாமல் செய்வதற்காகத்தானே அந்த நம்பரைக் கொண்டுவந்தான்? அது எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தே கொண்டுவந்தானா? அவருக்குச் சொன்னபடி செஞ்சிடுவோம் என்றானே பிரென்ட், என்ன சொல்லியிருந்தார்கள், ஆள் பிடித்துக் கொடுத்ததற்குக் காசா?

"நான் உள்ள போறேன்." டோபி கதவைத் திறந்தான். "நீ வராத. நான் தனியாப் போய்க் கேக்கிறேன்."

"ஓடிட மாட்டியே?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது. டோபி கோபித்துக்கொள்ளவில்லை.

"கதவு ஒண்ணுதாங்க்கா. நீ பார்த்துட்டே இரு."

அவன் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தான். படியில் கால் வைத்தபோது மருத்துவமனையின் பின்கதவு திறந்து ஹார்லன் வெளியே வந்தான், தொப்பியை இழுத்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தபடி. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஹார்லனின் தோள் இறுகியது. டோபி ஒதுங்கி வழிவிட்டு, அவனைப் பார்க்காதது போலவே உள்ளே போனான்.

கதவு மூடிக்கொண்டது. அவன் உள்ளே போய்விட்டான். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஹார்லன் வேகமாகத் தன் வண்டியில் ஏறினான். நாலு வண்டி தள்ளி நின்ற அவள் காரைக் கவனிக்கவில்லை. தலை குனிந்து போனைத் தேடினான். அடுத்த நொடி ரமோனாவின் மடியில் போன் அடித்தது.

"மோனா?" மூச்சு வாங்கியது. "என்ன, டோபி வேன்ல ஏறிட்டானா?"

கண்ணாடிக்கு அப்பால் அவன் உதடுகள் அசைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கேக்கிற?"

"சும்மாதான். வீட்லதான இருக்கான்?"

"நீ எங்க இருக்க ஹார்லன்?"

"எங்க இருப்பேன்? பங்க்லதான். பசங்களோட காபி குடிச்சிட்டிருக்கேன்."

எவ்வளவு சரளமாக வருகிறது! இத்தனை மாதம், தினமும் காலையில், இதே குரலில். அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஓடிப்போய் அந்த வண்டிக் கதவைத் திறந்து அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"காபி எப்படி இருக்கு?"

ஹார்லனின் தலை மெல்ல நிமிர்ந்தது. இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். வண்டி வண்டியாகத் தேடி வந்த அவன் கண்கள் அவள் காரில் வந்து நின்றன.

ரமோனா ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள். அந்த இடத்தில் யாரும் தூக்காத விரல். ஜீப்பில் இருந்தவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹார்லன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் விரலை இறக்கவில்லை.